நூற்றி நாற்பது இறாத்தல் இடம்

மூன்று கிழமைக்கு முந்தி, எங்கள் முதியோர் சங்கத்தின் புதன்கிழமைக் கூட்டத்தில் என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்தீர்கள். வோபர்ன் மண்டபத்தில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. வடைத் தட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. நானோ போனில் ஒரு சின்ன மஞ்சள் விமானம் சமுத்திரத்துக்கு மேலே ஊர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். “உவ பாத்துக்கொண்டிருக்காட்டிப் பிளேன் விழுந்துபோடும்” என்று ஒருவர் சொன்னார். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவருக்கே தெரியும்.

அன்று என் மகள் இந்தியாவுக்குப் பறந்துகொண்டிருந்தாள். பிந்திப் பிறந்தவள், பிந்தியே கலியாணத்துக்குச் சம்மதித்தவள். கூறைச்சேலை எடுக்கத் தனியாகப் போனாள். இன்று திரும்பி வருகிறாள். விமானம் இறங்க இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கிறது. ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில் என்ற ஊரில், மகன் வீட்டுச் சமையலறையில், போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். மகன் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். இந்த இடத்தில் கார் இல்லாதவள் வாசலோடு நிற்க வேண்டியதுதான். நீங்கள் என் வயதுக்காரர்கள். கிலோ வருமுன் இறாத்தல் கணக்குப் படித்தவர்கள், டகோட்டா விமானத்தின் சத்தம் கேட்டு முற்றத்துக்கு ஓடி வந்தவர்கள். உங்களுக்குச் சொன்னால் விளங்கும். வாசித்த பிறகும் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், நான் கோபிக்க மாட்டேன்.

என் தகப்பனாரை நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். ஊருக்கு வடக்கே இருந்த சின்ன விமானத் தளத்தில் அவர் கிளாக்கர். காலையில் கொழும்பிலிருந்து ஒரு டகோட்டா வரும். சிலரை இறக்கி, சிலரை ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போகும். யார் யார் ஏறுகிறார்கள், ஆளும் மூட்டையுமாய் எத்தனை இறாத்தல் என்று எடைச் சீட்டு எழுதிக் கப்டனிடம் கொடுப்பது ஐயாவின் வேலை. மொத்தம் மிஞ்சினால் மூட்டை இறங்கும். அதற்கும் மிஞ்சினால் ஆள் இறங்கும்.

ஐயாவிடம் ஒரு கொப்பி இருந்தது. விமானிகள் வாசித்துவிட்டுப் போட்ட இங்கிலிஷ் சஞ்சிகைகளிலிருந்து படங்களை வெட்டி, கோதுமை மாப் பசையால் அதில் ஒட்டியிருந்தார். மூன்று வால் வைத்த கொன்ஸ்ரலேசன், முட்டை வடிவில் பெரிய யன்னல் வைத்த வைக்கவுண்ட் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் கீழே எந்த நாட்டுக் கம்பனியிடம் அந்த விமானம் எத்தனை இருக்கிறது என்று பென்சிலால் எழுதுவார். கம்பனி புதிதாக வாங்கினால் அழித்து எழுதுவார். அமெரிக்கக் கம்பனிகளின் பக்கங்கள் அழித்து அழித்தே மெலிந்துபோயிருந்தன. எங்கள் கம்பனியின் பக்கத்தில் சில டகோட்டாக்கள்தான். அங்கே அழிறப்பருக்கு வேலை இருக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பட்டாளம் விற்ற டகோட்டாக்களை உலகத்துக் கம்பனிகள் எல்லாம் வாங்கி, சீற் பூட்டி, வண்ணம் பூசி ஓட்டிய காலம் அது. சக்கரத்துக்குக் கீழே சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு பனியில் நிற்கும் ஒரு டகோட்டாவும் கொப்பியில் இருந்தது. கனடா என்ற சொல்லை நான் முதலில் வாசித்தது அந்தப் படத்துக்குக் கீழேதான். இந்தக் குளிருக்குள் எந்த விசரர் போயிருப்பார்கள் என்று நினைத்தேன்.

“எந்த நாட்டுக் கம்பனியெண்டாலும் கணக்கு ஒண்டுதான், பிள்ளை,” என்பார் ஐயா. “ஏறுறது எவ்வளவு, தூக்கிறது எவ்வளவு. உதுக்குள்ள பொய் சொல்லேலாது.”

ஆனால் பொய் சொன்னார்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தராசில் ஏறி நிற்பார்கள், ஐயா முள்ளைப் பார்த்து எழுதுவார். பெண்கள் ஏற மாட்டார்கள். ஒரு அந்நிய ஆம்பிளை தங்கள் எடையை வாசிப்பதாவது. கர்ப்பிணி என்றால் கண்ணூறு வேறு. சரி, வாயால் சொல்லுங்கள் என்று ஐயா கேட்பார். ஒல்லியும் நூறு என்பாள், உருண்டு வருபவளும் நூறு என்பாள். கடைசியில் கப்டன் ஐயாவைக் கூப்பிட்டு, “உங்கட ஊர்ப் பொம்பிளையள் எல்லாரும் நூறு இறாத்தல்தான். என்ர பிளேனுக்குத்தான் அது விளங்குதில்லை” என்றாராம். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஐயாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் ஐயா தராசைக் கட்டிடத்தின் மூலைக்கு நகர்த்தினார். அம்மாவின் பழைய நீலச் சேலை ஒன்றைக் கயிற்றில் போட்டு மறைப்புக் கட்டினார். ஓகஸ்ட் விடுமுறையில் வீட்டில் நின்ற என்னைக் கூட்டிக்கொண்டு போய், அந்தச் சேலைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் இருத்தினார். எனக்கு ஒன்பது வயது. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து ஏற வேண்டும். நான் முள்ளை வாசித்து, துண்டுத் தாளில் எண்ணை எழுதி, திரைக்கு வெளியே நீட்ட வேண்டும். ஒரு சின்னப் பெட்டைக்கு முன்னால் வெட்கப்பட என்ன இருக்கிறது? பெண்கள் ஏறினார்கள். உலகத்தில் வேறு எந்தக் கம்பனியும் இப்படி எடை பார்த்திருக்காது.

அந்த மூலையின் மணம் எனக்கு இன்னும் மூக்கில் நிற்கிறது. வெளியே பெற்றோல், உள்ளே மல்லிகையும் கியூட்டிக்கூரா பவுடரும் வியர்வையும். சிலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள், மூச்சு விட்டால் பாரம் கூடுமென்று. ஒருத்தி தோட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு ஏறினாள். ஊரில் யார் எத்தனை இறாத்தல் என்பது ஐயாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.

முதல் தடவை குறைத்து எழுதியது அழுத ஒருத்திக்காக. மிஞ்சினால் தன் புழுக்கொடியல் மூட்டையை இறக்கிவிடுவார்கள் என்று அழுதாள். ஐந்து இறாத்தல் குறைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கற்கண்டுக்காக ஐந்து, ஒரு டொபிக்காகப் பத்து. இதில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. விமானம் எவ்வளவு பெரியது, பத்து இறாத்தல் எவ்வளவு சின்னது.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் அம்மாவின் கழுத்தில் கழலை வளர்ந்து மூச்சை அழுத்தத் தொடங்கியிருந்தது. படுத்தால் மூச்சு வராது; சுவரில் சாய்ந்தபடிதான் தூங்குவார். திருச்சியில் ஒரு வைத்தியர் வெட்டி எடுக்கலாம் என்று நாள் குறித்திருந்தார். ஐயாவுக்குக் கம்பனி தந்த பாஸ் இருந்தது. பாஸில் போகிறவர்களுக்குக் கடைசியில் எடைக் கணக்கில் மிச்சமிருந்தால்தான் இடம். முதல் கிழமை அம்மா சின்னச் சூட்கேஸோடு வந்து மர வாங்கில் இருந்துவிட்டுத் திரும்பினார். இரண்டாம் கிழமை ஏணிவரைக்கும் போய்த் திரும்பினார். மூன்றாம் முறைக்கு அடுத்த நாள் சத்திரசிகிச்சை. ரயிலும் கப்பலும் பிடித்துப் போக அப்போது நேரமில்லை.

அந்த மூன்றாம் நாள்தான் கலியாண வீட்டுக்காரர் வந்தார்கள். கூறை எடுக்கத் திருச்சிக்குப் போகும் கூட்டம், அதில் எட்டுப் பெண்கள். தலைவி மாப்பிள்ளையின் பெரியம்மா. அவர் திரைக்குள் வந்ததும் எங்கேயோ கடகடவென்று சத்தம் கேட்டது. பாவாடைக்குள் பைகள் தைத்து, அதற்குள் சவுக்காரக் கட்டிகளும் டோர்ச் பற்றரிகளும் நிரப்பியிருந்தார். அக்கரையில் அவற்றுக்கு அப்போது நல்ல மதிப்பு. தராசு முள் இருநூற்றிப் பத்தில் நின்றது.

“என்ன காட்டுது, ராசாத்தி?”

“இருநூத்திப் பத்து.”

“உந்தத் தராசு பழசு. நூத்தி எழுபது எண்டு போடு.” மடியிலிருந்து ஒரு சிவப்பு நைலோன் றிப்பனை எடுத்து என் பின்னலில் தானே கட்டிவிட்டார். “வடிவாய் இருக்கு. மற்றவையளுக்கும் பாத்துப் போடு, என்ன?”

பாத்துப் போட்டேன். ஒருத்திக்கு முப்பது, ஒருத்திக்கு இருபத்தைந்து, மற்றவர்களுக்கு இருபது, பதினைந்து. தராசில் ஏறிய எல்லோருடைய இடுப்பிலும் ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. எட்டுத் துண்டுகளையும் நானே கூட்டி, கூட்டுத்தொகையையும் எழுதிக் கொடுத்தேன். கணக்கில் நான் கெட்டிக்காரி. ஐயா அந்தத் தொகையை அப்படியே எடைச் சீட்டில் இறக்கிக்கொண்டதைத் திரை இடுக்கால் பார்த்தேன்.

கடைசியாக அம்மா உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். தொண்ணூற்றி எட்டு. அம்மாவுக்கு மட்டும் நான் ஒன்றும் குறைக்கவில்லை. குறைப்பதற்கு அவரிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

ஐயா எடைச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அந்த வருஷம் முழுக்கப் பார்க்கவில்லை.

“நூத்தி நாப்பது இறாத்தல் மிச்சமிருக்கு. நீர் போகலாம்.”

“வடிவாப் பாத்தியளோ? போன முறை மாதிரி ஏணியில வைச்சுத் திருப்பமாட்டியளோ?” அம்மாவின் குரல் கழலைக்கு அடியிலிருந்து வந்தது.

“பிள்ளை வாசிச்ச கணக்கு. பிழைக்காது.”

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. நூற்றி நாற்பது இறாத்தல் இடம் விமானத்தில் இல்லை. அது நான் உண்டாக்கிய இடம். மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். பெரியம்மாவின் நாற்பதோடு தொடங்கி எட்டுப் பேருக்குமாக நூற்றி எண்பது குறைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அம்மா மறுபடியும் வீட்டுக்கு வருவார், சுவரில் சாய்ந்தபடி தூங்குவார், நாளைய நாள் தவறிப்போகும். திறக்காவிட்டால் அந்தப் பாரத்தோடு அம்மாவும் ஏறுவார். அம்மா என் றிப்பனைத் தொட்டுப் பார்த்து, “ஆர் தந்தது? நல்லா இருக்கு” என்றார். நான் அம்மாவின் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு ஏணிப் பக்கம் நடந்தேன்.

கப்டன் சீட்டை வாங்கிப் பார்த்தார். ஏணியில் மூச்சு வாங்கி ஏறிய பெரியம்மாவையும் பார்த்தார். “ஷுவரோ?” என்று ஐயாவிடம் கேட்டார்.

“என்ர மகள் வாசிச்சது, சேர்.”

டகோட்டா நிலத்தில் நிற்கும்போது வால் கீழே ஊன்றி, மூக்கு மேலே பார்த்து நிற்கும். ஓடத் தொடங்கியதும் முதலில் வால் எழும்பும், பிறகு சக்கரம் நிலத்தை விடும். ஓடுபாதை ஓரத்தில் வெள்ளையடித்த தகரப் பீப்பா ஒன்று இருந்தது. வழக்கமாக அந்தப் பீப்பாவுக்கு முன்னாலேயே வால் எழும்பிவிடும். அன்று பீப்பாவைத் தாண்டியும் வால் கீழே கிடந்தது. பிறகு எழும்பியது. சக்கரம் எழும்பவில்லை. புழுதிக்குள் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பாதை முடியும் இடத்தில் நின்ற பனைகளுக்கு மேலே அது தலை காட்டியபோது, பனை வட்டுக்கும் விமானத்தின் வயிற்றுக்கும் இடையில் ஒரு ஆள் நிற்க இடம் இருந்திருக்குமோ என்னவோ. பக்கத்தில் நின்ற ஐயா கடிகாரத்தைப் பார்த்தார்.

திருச்சி ஒரு மணித்தியாலப் பறப்பு. இறங்கியதும் அங்கிருந்து வயர்லெஸ்ஸில் சேதி வரும். ஒரு மணித்தியாலம் போனது. சேதி வரவில்லை. ஐயா வயர்லெஸ் அறை வாசலில் போய் நின்றார். உள்ளே கரகர என்ற இரைச்சல் மட்டும் கேட்டது. இன்னும் கால் மணி போனது. நான் கட்டிடத்துக்குப் பின்னால் போய், காலையில் தின்றதையெல்லாம் சத்தி எடுத்தேன். றிப்பனை அவிழ்த்து அதற்கு மேலே போட்டு மண்ணால் மூடினேன். அந்தச் சிவப்பு கொஞ்சம் வெளியே தெரிந்தது. காலால் மிதித்தேன்.

பிறகு ஐயாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா, பைகள், நாற்பது, முப்பது, கற்கண்டு எல்லாம். மொத்தம் நூற்றி எண்பது என்றும் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது ஐயா வயர்லெஸ் அறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குந்தி இருந்து, தன் சால்வை நுனியால் என் வாயைத் துடைத்தார்.

“உதுக்கே அழுறாய்? பொம்பிளையள் குறைச்சுத்தான் சொல்லுவினம் எண்டு எனக்குத் தெரியாதோ? நான் எப்பவும் ஆளுக்கு இருபது கூட்டித்தான் எழுதுறனான். நீ போய்ப் படு.”

எனக்குள் ஏதோ அவிழ்ந்தது. மூட்டைகள் வைக்கும் பலகையில் சுருண்டு படுத்தேன், படுத்த உடனே தூங்கிவிட்டேன். வெயில் உச்சிக்கு வந்த பிறகு ஐயா என்னை எழுப்பினார். “அம்மா போய்ச் சேர்ந்திட்டா” என்றார். விமானம் நேரத்துக்கே இறங்கிவிட்டதாம். சேதி அனுப்ப வேண்டியவர் அனுப்ப மறந்து தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டாராம். ஐயாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

அம்மா பிழைத்தார். கழுத்தில் ஒரு தழும்போடு இன்னும் முப்பது வருஷம் இருந்தார். ஆனால் திரும்பி வரும்போது டகோட்டாவில் வரவில்லை. ஐயா காகிதம் போட்டு, ரயிலும் கப்பலுமாக இரண்டு நாள் அலைந்து வரச் செய்தார். பாஸ் முடிந்துபோயிற்று என்று எங்களுக்குச் சொன்னார். அம்மா பறந்துபோன அடுத்த நாளிலிருந்து என்னையும் விமானத் தளத்துக்குக் கூட்டிப் போகவில்லை. கூட்டித் துடைக்க வந்த அக்காவைத் திரைக்குப் பின்னால் இருத்தினார். றிப்பனுக்காக என்னைத் தண்டித்துவிட்டார் என்று வெகு காலம் மனதுக்குள் கறுவினேன். அந்தக் கொப்பியையும் அவர் பிறகு திறந்து நான் காணவில்லை. சண்டைக் காலத்தில் அந்தப் பகுதி முழுக்க இராணுவத்தின் கம்பிவேலிக்குள் போனபோது, வீட்டோடு கொப்பியும் போனது.

நேற்று மத்தியானம் மகள் அங்கிருந்து போன் எடுத்தாள். ஏறப் போகிறாளாம். பறக்க அவளுக்கு எப்போதும் பயம்.

“அம்மா, பாக் ரெண்டும் ஓவர் வெயிற். ஒண்டு ஐம்பத்தாறு பவுண்ட்ஸ். அந்த செக்-இன் கவுண்டர் அங்கிள் கலியாணச் சேலை எண்டதும் ஜஸ்ட் விட்டிட்டார். எல்லாருக்கும் உப்பிடி விட்டா? லைக், பிளேன் ஓகேயா இருக்குமா?”

நான் யோசிக்கவே இல்லை. “விசர்க் கதை கதையாதை. அவையள் எப்பவும் ஆளுக்கு இருபது கூட்டித்தான் எழுதுறவை. நீ நித்திரையைக் கொள்” என்றேன்.

“றியலி?”

“ஓம், குஞ்சு.”

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். குரல் மாறிவிட்டது. சாப்பாடு என்ன தருவார்களோ என்று பேசத் தொடங்கிவிட்டாள்.

போனை வைத்த பிறகு அந்த வசனம் என் காதிலேயே நின்றது. அவர்கள் கூட்டி எழுதுகிறார்களா, குறைத்து எழுதுகிறார்களா என்று எனக்கு என்ன தெரியும்? பிள்ளை பயப்படக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். இது யார் சொன்ன சொல் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. குப்பை எடுக்கும் நாள் போட்ட நோட்டீசின் பின்பக்கத்தில், அறுபது வருஷத்துக்கு மேல் பிந்தி, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

எட்டுப் பெண்கள். ஆளுக்கு இருபது கூட்டினால் நூற்றி அறுபது. நான் எழுதிய தொகைப்படி அம்மாவுக்கு இருந்த இடம் நூற்றி நாற்பது. கூட்டியிருந்தால் அன்று அம்மாவுக்கு இடமே இருந்திருக்காது. கூட்டுத்தொகையை எழுதிக் கொடுத்தவள் நான். அதை ஐயா அப்படியே இறக்கியதைப் பார்த்தவளும் நான். ஐயா ஒரு இறாத்தல்கூடக் கூட்டவில்லை. நான் வாசித்த கணக்கை அவர் நம்பினார். நான் வந்து சொல்லும்வரைக்கும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆக, நான் சொன்ன அந்த நிமிஷத்திலிருந்துதான் அவருக்கு எல்லாம் தெரியும். மனைவி மேலே. சீட்டில் தன் கையெழுத்து. பக்கத்தில் சத்தி மணக்கும் ஒரு பிள்ளை. அவர் அந்தப் பிள்ளையைத் தூங்க அனுப்பிவிட்டு, வயர்லெஸ் அறை வாசலுக்குத் திரும்பிப் போய், மிச்ச நேரம் முழுக்கத் தனியே நின்றிருக்கிறார். நான் பலகையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். பிறகு சாகும்வரைக்கும் அதை எனக்கு அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கூட்டல் தெரிந்த பிள்ளை நான், எனக்கு எப்படி இது தெரியாமல் போனது? தெரிய விரும்பாமல் இருந்திருப்பேன். ஐயாவை நினைத்து நேற்று நன்றாக அழுதேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே குப்பை வண்டி வந்து போயிற்று. மஞ்சள் விமானம் இப்போது ரொறன்ரோவுக்கு மேலே ஒரு வட்டம் போடுகிறது. ஏன் வட்டம் போடுகிறது என்று தெரியவில்லை. மகன் வேலையிடத்திலிருந்து மெசேஜ் போட்டிருக்கிறான், “அம்மா, போனைப் பாக்காதேங்கோ, பேசாமல் படுங்கோ” என்று.

நான் படுக்கப் போவதில்லை. மகள் மேலே நல்ல நித்திரையாக இருப்பாள். ஒருவர் தூங்கினால் மற்றவர் நிற்கத்தான் வேண்டும்.